கடினமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தும் எழுதும்போது ஏன் வருவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர், இப்போது வேலையில் இருக்கிறார். ஆறு மாதமாகத் தினம் பத்து கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வருகிறார். நோட்டைத் திறந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, அலுவலகத்தில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் அதில் ஒன்றுகூட வருவதில்லை என்கிறார். இதைவிட நல்ல பட்டியல் எங்கே கிடைக்கும், மொத்தம் எத்தனை சொல் தெரிந்தால் போதும், எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறார். பட்டியலைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய உண்மையான சிக்கல், தெரிந்த சொல் தேவைப்படும் நேரத்தில் ஏன் வருவதில்லை என்பதுதான். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், மற்றவை வழியில் வரும்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன். அப்புறம் பல வருடங்கள் போட்டித் தேர்வுக்கும், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கும் தயாராகிறவர்களோடு வேலை செய்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டிய, தமிழ் வழியில் படித்தவர்கள். எழுத்துதான் நான் அதிகம் திருத்தியது, பேச்சுப் பயிற்சியில் எனக்கு அந்த அளவு அனுபவம் கிடையாது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கோ சரளமான பேச்சுக்கோ நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு. தினம் பத்து என்றால் ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 1,800 சொற்கள். இது குறைவான எண்ணிக்கையே இல்லை. சரியான 1,800 சொற்களாக இருந்து, அவை மனதிலும் தங்கியிருந்தால், உங்கள் மெயில்கள் இந்நேரம் வேறு யாரோ எழுதியவை போல இருந்திருக்கும். ஆனால் நீங்கள் உதாரணத்துக்குக் கொடுத்திருக்கும் சொற்கள் லக்வேஷியஸ் (வாயாடியான), ஒப்ஃபஸ்கேட் (புரியாதபடி குழப்பு), பல்க்ரிட்யூட் (அழகு). இவற்றில் கடைசிச் சொல்லை வெள்ளைக்காரர்களே வேடிக்கைக்குத்தான் பயன்படுத்துவார்கள். அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் 2011 ஆகஸ்ட் வரை எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. அவற்றுக்காகப் பயிற்சி மையங்கள் இப்படிப்பட்ட அரிய சொற்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். தேர்விலிருந்து அந்தக் கேள்விகள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, அதே வகைப் பட்டியல்கள் மட்டும் 'தினம் பத்து சொல்' என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

எந்தச் சொற்களை முதலில் கற்பது என்ற கேள்வி நம் பக்கத்திலேயே எழுந்த ஒன்று. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் சுமார் நூறு வருடங்களுக்கு முன் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளத்துப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் பழைய இலக்கியச் சொற்கள் மண்டிக்கிடந்ததையும், வருடக்கணக்கில் படித்த பிறகும் அவர்கள் சாதாரண ஆங்கிலத்தை வாசிக்கத் திணறியதையும் பார்த்தார். அரிய சொற்களை எடுத்துவிட்டு, அடிக்கடி வரும் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறிமுகப்படுத்தும் வாசகப் புத்தகங்களை எழுதினார். 1953-ல் வெளிவந்த அவருடைய பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. பிறகு 2000-ல் நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர், பல துறைகளின் கல்வி எழுத்துகளிலிருந்து 35 லட்சம் சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பை அலசினார். வெஸ்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் மற்ற வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) தேர்ந்தெடுத்தார். அந்தத் தொகுப்பில் முக்கால் பங்கு வெஸ்டின் சொற்கள், பத்தில் ஒரு பங்கு இந்த 570. இவை அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல பட்டியல் கேட்டீர்களே, நான் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அஸ்யூம், கன்சிஸ்டன்ட், இம்ப்ளை, சஃபிஷியன்ட், அலோகேட், ஜஸ்டிஃபை, டிரைவ், கன்ஸ்ட்ரெயின்ட், வேராஸ், நெவர்தலெஸ். இதெல்லாம் தெரியுமே என்று தோன்றும். சரி, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அகராதியைப் பார்க்காமல் 'டிரைவ்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வண்டி ஓட்டும் டிரைவ் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்று பெறப்படுவதைச் சொல்லும் டிரைவ். அடுத்து 'இம்ப்ளை', 'கன்சிஸ்டன்ட்'. என்னிடம் படிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் இங்கேதான் நின்றுபோவார்கள். எளிய சொற்கள் அவர்களிடம் இருந்தன, மேலே கொஞ்சம் பகட்டான சொற்களும் சேர்ந்திருந்தன. நடுவில் இருக்க வேண்டிய ஒரு தளம் முழுக்கக் காலி. அலுவலகக் கடிதமும் அறிக்கையும் தலையங்கமும் ஓடுவது அந்த நடுத்தளத்தில்தான். மெயில் எழுதும்போது உங்களுக்கு வராமல் போவதும் அந்தச் சொற்களாகவே இருக்கும். பல்க்ரிட்யூட் வராததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. ஒரு சொல்லுக்கு நேராக ஒரு பொருளை எழுதிவைத்தால் அந்தச் சொல் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழில் நாம் சொற்களை அப்படியா வைத்திருக்கிறோம்? பலத்த மழை என்கிறோம், பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு என்கிறோம். பலத்த வெயில் என்று யாரும் சொல்வதில்லை. வெயில் கொளுத்தும், சுட்டெரிக்கும், கடுமையாக இருக்கும், பலத்து மட்டும் வராது. ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது, அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து பழகவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலமும் இப்படித்தான். நம் டீக்கடையில் ஸ்ட்ராங்காக ஒரு டீ கேட்கிறோம். ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள் இருந்தாலும் பவர்ஃபுல் டீ என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. மொழியியலாளர் ஹாலிடே 1966-லேயே எடுத்துக்காட்டிய ஜோடி இது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருவோம். மிட்டிகேட் என்றால் தணி, குறை என்று எழுதியிருப்பீர்கள். இந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் ஒருவர் உடல் எடையை மிட்டிகேட் செய்ய வேண்டும் என்று எழுதுவார், விலையை மிட்டிகேட் செய்யுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்பார். இலக்கணப் பிழை ஏதும் இருக்காது, படிப்பவர் மட்டும் சிரிப்பார். ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், எஃபெக்ட் ஆகியவைதான் அந்தச் சொல்லின் வழக்கமான கூட்டாளிகள். அலீவியேட்டுக்கும் தமிழில் தணி என்றுதான் போடுவோம், ஆனால் அது வலி, வறுமை, துன்பம் இவற்றோடு வரும். இன்னும் எளிய சொல்லான காஸ்-ஐப் பாருங்கள். உண்டாக்கு என்று பொருள். ஆனால் அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் விபத்து, நோய், சேதம், தாமதம் என்று கெட்டதாகவே இருக்கும். ஒருவரின் வளர்ச்சியை நீங்கள் காஸ் செய்தீர்கள் என்று பாராட்டுக் கடிதத்தில் எழுதினால், ஏதோ புகார் எழுதியது போல ஒலிக்கும். பெரிய சொல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தும் எழுதத் தயங்குகிறோமே, அதற்கு ஒரு முக்கியக் காரணம் இது என்று நினைக்கிறேன். பொருள் தெரியும், பக்கத்தில் எதை வைப்பது என்று தெரியாது. அதனால் கை பழைய சொல்லுக்கே போய்விடுகிறது. இது என் ஊகம், ஆனால் அடுத்து என்ன வரும் என்பதையும் சேர்த்துக் கற்றவர்களிடம் இந்தத் தயக்கம் குறைவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

சொல்லுக்கு இடம் பொருள் ஏவல் என்று ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக் கோழி இயற்கை எய்தியது என்று தமிழில் எழுதினால் என்ன ஆகும்? உயர்ந்த சொல்தான், இடம்தான் பொருந்தவில்லை. நண்பனுக்கு அனுப்பும் செய்தியில் கமென்ஸ், பர்ச்சேஸ், எண்டெவர் என்று அடுக்குவதும் அப்படித்தான். கடினமான சொல் போட்டால் மதிப்பு கூடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் எழுத்துக்கும் பேச்சுக்கும் சொல்வளத்துக்கென்று நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் உண்டு. அங்கேகூட ஏழாம் பேண்டு என்ற மதிப்பெண் நிலைக்கான விளக்கத்தில், அதிகம் புழங்காத சொற்களைப் பயன்படுத்துவதோடு, அவை எந்த நடைக்குப் பொருந்தும், எதனோடு சேர்ந்து வரும் என்ற உணர்வையும் எதிர்பார்க்கிறார்கள்.

ஆகவே நோட்டில் சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு, நீங்கள் எங்கேயோ வாசித்த ஒரு முழு வாக்கியத்தையோ, குறைந்தபட்சம் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடரையோ எழுதுங்கள். தமிழ்ப் பொருள் இருக்கட்டும், தப்பில்லை. ஆங்கிலத்திலேயே யோசி, தமிழ் அர்த்தமே பார்க்காதே என்று பலர் அடித்துச் சொல்வார்கள். ஒரு சொல்லை முதன்முதலாகப் பற்றிக்கொள்ளத் தாய்மொழிப் பொருள் நன்றாகவே உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சிக்கல், அங்கேயே நின்றுவிடுவதுதான். அடுத்த படிக்கு வீட்டில் இருக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதி போதாது, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்-ஆங்கில அகராதி வேண்டும். ஆக்ஸ்போர்டின் கற்போர் அகராதி ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது அந்த மாணவர்களுக்காக உருவாக்கி, 1942-ல் அங்கேயே வெளிவந்தது. நம்மைப் போன்றவர்கள் எங்கே தடுக்கி விழுவோம் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. லாங்மன் 1978-ல் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதினார்கள். காலின்ஸ் கோபில்ட் 1987-ல் பொருளையே முழு வாக்கியமாகக் கொடுத்தது, அந்தச் சொல் எப்படிப்பட்ட இடத்தில் வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். மூன்றுமே இப்போது இணையத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நோட்டைத் திறந்தால் எல்லாம் தெரிகிறது என்று சொன்னீர்களே, அது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லாத அளவுக்கு ஆராய்ச்சி இருக்கிறது. 2008-ல் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 சதவீதம் நினைவில் இருந்தது. சோதிப்பதை நிறுத்திவிட்டவர்களுக்கு 35 சதவீதம் சுற்றித்தான். அவர்களில் ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்திருந்தார்கள், அதனால் பெரிய பலன் இல்லை. இதில் எனக்குப் பிடித்த பகுதி, எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொன்னது. பார்த்துப் படிக்கும்போது தெரிந்த மாதிரிதான் இருக்கும், அந்த உணர்வை நம்ப முடியாது. உங்களுக்கு இதைச் செயலாக்குவது எளிது. தமிழ்ப் பொருளையும் இடம் காலியாக விட்ட ஆங்கில வாக்கியத்தையும் முன்னால் வைத்து, சொல்லை மறைத்துவிட்டு, அதை நினைவிலிருந்து எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழ் சொல்வது வாசிக்க உதவும். மெயிலில் சொல் வரவேண்டும் என்றால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பயிற்சி வேண்டும், பலர் அதைச் செய்வதே இல்லை. சோதனைகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டிக்கொண்டே போகலாம், நாளை, மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று. இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது என்பது 1885-ல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து எழுதிய காலத்திலிருந்து உறுதியாகிக்கொண்டே வரும் விஷயம். எத்தனை நாள் இடைவெளி என்ற துல்லியத்துக்கு மெனக்கெட வேண்டாம்.

இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. ஒரே பொருளுள்ள சொற்களைக் கொத்தாகப் படிக்கலாமா? தணி என்ற ஒரே பொருளின் கீழ் மிட்டிகேட், அலீவியேட், அஸ்வேஜ், அல்லே என்று நான்கை ஒரே நாளில் படித்தால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்று 1990-களில் டிங்கம், வாரிங் ஆகியோர் செய்த சோதனைகள் காட்டின. பிறகு வந்த சில ஆய்வுகளில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியவில்லை. என் வகுப்பில் குழப்பத்தைத்தான் பார்த்தேன், ஆகவே புதுச் சொற்களை அப்படிக் கற்காமல் இருப்பதே நல்லது என்பேன். நாலும் ஓரளவு பழகிய பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வேர்ச்சொல் வழியும் இதே மாதிரிதான். டிக்ட் என்ற லத்தீன் வேர் சொல்வதைக் குறிக்கும் என்று தெரிந்தால் பிரிடிக்ட், கான்ட்ரடிக்ட், வெர்டிக்ட் மூன்றும் கையோடு நினைவில் நிற்கும். ஆனால் வேரை வைத்துப் புதுச் சொல்லின் பொருளை ஊகிப்பது ஆபத்து. எனர்வேட் என்றால் சக்தி ஊட்டுவது என்று தோன்றும், பொருள் பலவீனமாக்குவது. நாய்சம் சத்தத்தைப் பற்றியது இல்லை, நாற்றத்தைப் பற்றியது. மெரிட்ரீஷியஸ் என்பதில் மெரிட் இருப்பதாகப் படுகிறது, அது போலிப் பகட்டைச் சொல்லும் சொல். பார்த்த சொல்லை மறக்காமல் இருக்க வேர் உதவும், பார்க்காத சொல்லுக்கு அகராதிதான். ஒலி ஒற்றுமையை வைத்துத் தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைக்கும் உத்தி முதல் சில நாட்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, நீண்ட காலத்தில் என்ன ஆகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

மொத்தம் எத்தனை சொல் வேண்டும்? சொல்வள ஆய்வாளரான பால் நேஷன் 2006-ல் சொன்ன கணக்கு பரவலாக ஏற்கப்படுகிறது. நாவல், செய்தித்தாள் போன்றவற்றை யார் துணையும் இல்லாமல் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. டெவலப், டெவலப்மென்ட், டெவலப்பர் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 50 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாமல் இருக்கக்கூடாது என்ற அளவுகோலை வைத்து வந்த எண்ணிக்கை அது. 20-க்கு ஒன்று தெரியாவிட்டாலும் சமாளித்துக்கொள்வேன் என்பவருக்கு இதில் பாதி அளவே போதும். அதோடு, இது வாசித்துப் புரிந்துகொள்வதற்கான கணக்கு. எழுத இதைவிடக் குறைவாகவே தேவைப்படும். தினம் பத்து என்பதை ஐந்தாகக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தைப் பழைய சொற்களைச் சோதிப்பதற்குக் கொடுங்கள். வாசிப்பதற்கும் அந்த 50-க்கு ஒன்று என்ற அளவை ஒட்டியிருப்பவற்றையே எடுங்கள். ஆங்கிலம் வளர வேண்டுமென்றால் ஹிந்து தலையங்கம் படி என்று எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். ஒரு பத்தியில் பத்து சொல் தெரியாதவருக்கு அது வாசிப்பே இல்லை, அகராதி புரட்டும் வேலை. அதே செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் தொடங்குங்கள், ஆட்டம் ஏற்கனவே தெரியும் என்பதால் சொற்கள் தானாகப் பிடிபடும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று மட்டும். சொல்லை நோட்டில் எழுதும் அன்றே அகராதியின் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டிக் கேட்டுவிடுங்கள். எபிட்டமி என்பதை எபிடோம் என்றும் டிட்டர்மின் என்பதை டிட்டர்மைன் என்றும் மனதுக்குள் பல வருடம் சொல்லிப் பழகியவர்களை மாற்றுவது பெரும்பாடு. இந்தப் பதிலில் நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உங்கள் நோட்டில் அப்படிச் செய்யாதீர்கள். பெட் என்று எழுதினால் கட்டிலா, வளர்க்கும் நாய்க்குட்டியா என்று அடுத்த வாரம் உங்களுக்கே தெரியாது.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி மாதிரியான தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் நான் சொன்னதில் ஒரு பகுதியைத் தள்ளி வைக்கலாம். அங்கே ஒருபொருட்பன்மொழி, எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று நேரடியாகவே கேட்கிறார்கள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். முந்தைய வருடக் கேள்விகளிலிருந்து எடுத்த பட்டியலை மனப்பாடம் செய்வது அதற்குச் சரியான வழிதான். அந்தச் சொற்கள் மெயிலிலும் வந்து உதவும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, ஆப். இடைவெளியைத் தானே கணக்கிட்டுச் சொற்களைக் கேட்கும் அங்கி (Anki) என்ற ஆப் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு கொடுக்க வேண்டும். அதில் யாரோ தயாரித்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். நீங்கள் வாசித்த வாக்கியம், நீங்கள் தடுமாறிய மெயில், உங்கள் மேலாளர் திருத்திக் கொடுத்த வரி, இவற்றிலிருந்து மட்டும் அட்டை போடுங்கள். முன்பக்கம் தமிழ்ப் பொருளும் சொல் விடுபட்ட வாக்கியமும், பின்பக்கம் முழு வாக்கியம். செல்போனில் தட்டச்சுவது அலுப்பாக இருந்தால் காகித அட்டைகளும் ஐந்து பெட்டிகளும் போதும், லைட்னர் என்பவர் 1970-களில் பிரபலப்படுத்திய முறை அது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பார்ப்பீர்கள், கடைசிப் பெட்டியை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.